ஃப்ளோ பேட்டரி வந்தால் லித்தியம் போய்விடுமா?

கேள்வி, 4 டிசம்பர் 2025

லித்தியத்துக்கு இனி வேலை இல்லை. வனேடியம் ஃப்ளோ பேட்டரி தீப்பிடிக்காது, 25 வருஷம் உழைக்கும், எத்தனை தடவை சார்ஜ் ஏற்றினாலும் தேயாது. மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி.யே கிரேட்டர் நொய்டாவில் போட்டுவிட்டது. ஆடி மாதக் காற்றை இதில் பிடித்து வைத்து மார்கழியில் எடுத்துக்கொள்ளலாமே? வீட்டுக்கும் சின்னதாக ஒன்று கிடைக்குமா?

4 டிசம்பர், இரவு

வீட்டுக் கேள்விக்குப் பதில் சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன்: வேண்டாம்.

இந்த பேட்டரியில் மின்சாரத்தைப் பிடித்து வைப்பது வனேடியம் என்ற உலோகம் கரைந்த திரவம். அந்தக் கரைசலில் ஒரு லிட்டருக்கு நடைமுறையில் 20 வாட்-மணி அளவுதான் தேறும். வீட்டுக்கு 10 யூனிட் வேண்டும் என்றால் 500 லிட்டர். ஒரு சின்டெக்ஸ் டேங்க் அளவுதானே என்று தோன்றும். உள்ளே இருப்பது கந்தக அமிலம் கலந்த கரைசல், எடை 650 கிலோவைத் தாண்டும். கூடவே இரண்டு பம்ப், குழாய், சென்சார். மாடியில் வைத்தால் கீழே படுக்கிறவருக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பழைய ட்யூபுலர் பேட்டரியே போதும்.

என் கதை: கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், அப்புறம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பிளாண்ட். அதனால் இந்த பேட்டரியைப் பார்த்தால் எனக்கு முதலில் டேங்கும் பம்பும்தான் தெரிகின்றன. உண்மையும் அதுதான். சாதாரண பேட்டரியில் சக்தி தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதில் சக்தி முழுக்க இரண்டு டேங்குகளில் திரவமாக இருக்கிறது. நடுவில் ஸ்டாக் என்ற அடுக்கு: கார்பன் ஃபெல்ட் (நார்த் துணி), மெம்ப்ரேன் (இரண்டு திரவத்தையும் பிரிக்கும் சவ்வு), கிராஃபைட் தகடு, மறுபடி ஃபெல்ட் என்று நூற்றுக்கணக்கில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். திரவம் இரண்டு பக்கமும் ஓடும்போது மின்சாரம் ஏறும் அல்லது இறங்கும். எத்தனை கிலோவாட் என்பதை ஸ்டாக் தீர்மானிக்கும், எத்தனை மணி நேரம் என்பதை டேங்க் தீர்மானிக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பெரிதாக்கலாம். ஃப்ளோ பேட்டரியின் மொத்த மகிமையும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

5 டிசம்பர்

"ஏன் வனேடியம், இரும்பு மலிவாச்சே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரும்பில்தான் ஆரம்பித்தார்கள். 1970களில் நாசாவின் லூயிஸ் ஆராய்ச்சி மையத்தில் லாரன்ஸ் தாலர் குழு ஒரு டேங்கில் இரும்பு, இன்னொன்றில் குரோமியம் வைத்துச் செய்தது. மெம்ப்ரேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நாள்பட நாள்பட இந்தப் பக்கத்துச் சரக்கு அந்தப் பக்கம் கசியும். குரோமியத்தில் இரும்பு கலந்தால் பிரித்தெடுப்பது பெரிய வேலை.

1980களில் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கில்லஸ்-கசாகோஸ் குழு இரண்டு டேங்கிலும் வனேடியத்தையே வைத்தது. வனேடியம் நான்கு விதமான மின்னேற்ற நிலைகளில் கரைந்து நிற்கும். இரண்டு ஒரு பக்கத்துக்கு, இரண்டு மறுபக்கத்துக்கு. கசிந்தால் என்ன? இரண்டு டேங்கையும் கலந்து, சரிபாதியாகப் பிரித்து, மறுபடி சார்ஜ் ஏற்றினால் அந்த நஷ்டம் மீண்டு வந்துவிடும். "தேயாது" என்று கேள்வியில் எழுதியிருப்பது இதைத்தான். தேயாதது கரைசல் மட்டும். மெம்ப்ரேன் தேயும், ஃபெல்ட் தேயும், பம்ப் கண்டிப்பாகத் தேயும்.

நான்கு நிலைக்கும் நான்கு நிறம்: ஊதா, பச்சை, நீலம், மஞ்சள். முழு சார்ஜில் ஒரு டேங்க் ஊதா, இன்னொன்று மஞ்சள். சாயப்பட்டறையில் இருந்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? ஊதா டேங்கில் காற்று படக்கூடாது, பட்டால் ஆக்சிஜன் சார்ஜைத் தின்றுவிடும். அதனால் மேலே நைட்ரஜன் நிரப்பி வைப்பார்கள்.

7 டிசம்பர்

ஆடிக் காற்று விஷயம். மில்லில் இருந்தபோது எங்களுக்கு உடுமலைப் பக்கம் சொந்தக் காற்றாலைகள் இருந்தன. வைகாசியில் தூக்கும், ஆடியில் உச்சம், புரட்டாசி தாண்டினால் இறக்கை சும்மா நிற்கும். மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தில் "பேங்கிங்" செய்து, காற்றில்லாத மாதங்களில் கழித்துக்கொள்வோம். பழைய காற்றாலைகளுக்கு மார்ச் 31 வரை அந்தக் கணக்கு நிற்கும். 2018க்குப் பிறகு வந்தவற்றுக்கு இந்தச் சலுகை சுருங்கிவிட்டது.

பேங்கிங் என்ற பெயரைக் கேட்டு வாரியம் எங்கோ மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் மில் முதலாளிகளிலேயே உண்டு. ஒரு யூனிட்டும் சேர்த்து வைக்கப்படுவதில்லை. ஆடியில் நாம் கொடுத்தது ஆடியிலேயே யார் வீட்டிலோ எரிந்து முடிந்தது. மார்கழியில் நமக்குத் தருவது அன்றைக்கு எரித்த நிலக்கரி. நடுவில் இருப்பது நோட்டுப் புத்தகம் மட்டும்.

இதை நிஜமாகவே பேட்டரியில் சேர்க்கப் பார்ப்போம். வெறும் 100 கோடி யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனாவில் சின்ஜியாங் ஜிமுசாரில் 2025இல் கட்டி முடித்த வனேடியம் பிளாண்ட் 200 மெகாவாட், 1000 மெகாவாட்-மணி, அதாவது 10 லட்சம் யூனிட். உலகத்திலேயே பெரியது. அதைப் போல ஆயிரம் கட்ட வேண்டும். கட்டி, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை நிரப்பி, ஒரே ஒரு தடவை காலி செய்ய வேண்டும். வருஷம் 350 தடவை ஓட்டினாலே முதல் எடுப்பது கஷ்டமான சாமான் இது. பருவம் தாண்டிச் சேமிக்க இன்றைக்கு எந்த பேட்டரியும் லாயக்கில்லை, லித்தியமும் சேர்த்துத்தான். மதியத்தில் இருந்து இரவுக்கு நகர்த்தலாம். அவ்வளவுதான்.

7 டிசம்பர், கொஞ்சம் கழித்து

கடம்பாறையை மறந்துவிட்டீர்களே என்று உடனே ஒரு பதில். மறக்கவில்லை. 400 மெகாவாட், 1980களின் கடைசியில் வந்தது, தண்ணீரை மேலே ஏற்றி இறக்குவது. யோசித்தால் அதுவும் ஒரு ஃப்ளோ பேட்டரிதான்: இரண்டு டேங்க், ஒரு பம்ப். அமிலம் மட்டும் இல்லை. மலையும் அணையும் இருக்கிற இடத்தில் அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. எல்லா ஊருக்கும் மலை இல்லை என்பதால்தான் இந்தப் பேச்சே.

11 டிசம்பர்

தீ. இதில் கேள்வி கேட்டவர் சொன்னது சரி. 2025 ஜனவரி 16 அன்று கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 300 மெகாவாட் லித்தியம் கட்டடம் எரிந்தது, சுற்றுவட்டாரத்து மக்களை வெளியேற்றினார்கள். அங்கே இருந்தது நிக்கல் வகை லித்தியம். இன்று புதிதாகப் போடுவது பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட், அது அவ்வளவு சுலபமாகப் பற்றாது. ஃப்ளோ பேட்டரியில் இருப்பதோ தண்ணீரும் அமிலமும். அந்தக் கரைசல் பற்றுவதற்கே வழியில்லை.

ஆனால் தீ இல்லை என்றதும் ஆபத்தே இல்லை என்று எழுதுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அமில லைனில் ஒரு ஃப்ளாஞ்ச் கேஸ்கெட் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாயப்பட்டறையில் அமில டேங்குக்குக் கீழே கசிவைப் பிடிக்கும் தொட்டி கட்டாமல் விட்டிருந்தார்கள், செலவு மிச்சமாம். ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் கசிந்து, தரை சிமென்ட் நுரைத்துப் பொங்கி, கேபிள் டிரெஞ்சுக்குள் இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிள் மொத்தமும் மாற்ற வேண்டி வந்தது. தொட்டிக்கு ஆகியிருக்கும் செலவைப் போல் பல மடங்கு.

சீனாவின் டேலியனில் 2022இல் இணைத்த 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி பிளாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். என் 20 வாட்-மணிக் கணக்குப்படி அதில் 2 கோடி லிட்டர் கரைசல் வரும். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் 1,600 லோடுக்கு மேல். அவ்வளவு அமிலத்தைப் பிடித்து நிறுத்தும் தொட்டியும், அமிலம் தாங்கும் பூச்சும், ஒவ்வொரு மூட்டையும் பார்க்கிற ஆளும் வேண்டும். நல்ல பிளாண்டில் இதெல்லாம் இருக்கும். விலை கேட்கும்போது இதெல்லாம் சேர்த்துத்தானா என்று கேளுங்கள்.

16 டிசம்பர்

வெயிலைப் பற்றி யாரும் பேசவில்லை, நானே ஆரம்பிக்கிறேன்.

சாதாரண வனேடியம் கரைசலுக்குப் பிடித்த சூடு 10 முதல் 40 டிகிரி வரை. 40ஐத் தாண்டினால், அதுவும் நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால், மஞ்சள் பக்கத்தில் வனேடியம் பென்டாக்சைடு படிய ஆரம்பிக்கும். படிந்தது ஃபெல்ட்டை அடைக்கும், குழாயை அடைக்கும், பம்பைச் சாகடிக்கும். டாஸ்மேனியாவுக்குப் பக்கத்தில் கிங் தீவில் 2003இல் காற்றாலையோடு சேர்த்து ஒன்று வைத்தார்கள். கரைசல் சூடேறி அது முடிந்தது. அது குளிர்ந்த ஊர் என்பதைக் கவனியுங்கள்.

கரூரிலும் வேலூரிலும் சித்திரை வெயிலில் நிழலிலேயே 40. போதாததற்கு, போட்ட 100 யூனிட்டில் திரும்பி வருவது ஏறத்தாழ 70. மீதியில் பம்ப் தின்றது போக, பெரும்பகுதி சூடாகக் கரைசலுக்குள்ளேயே இறங்கும். ஆக கரைசலைக் குளிர்விக்கும் சில்லர் கட்டாயம். சில்லருக்குக் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்ட் எங்கிருந்து? அதே பேட்டரியில் இருந்து.

இதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பசிஃபிக் நார்த்வெஸ்ட் ஆய்வகம் கந்தக அமிலத்தோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்து 50 டிகிரி வரை தாங்குகிற கரைசல் செய்தது. வனேடியமும் அதிகம் கரையும், டேங்க் சின்னதாகும். குளோரின் வாடைக்கு ஏற்ற ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான் என்கிறார்கள். "அவ்வளவுதான்" என்பது எழுதுகிறவருக்கு. பிளாண்டில் நிற்கிறவருக்கு இல்லை.

17 டிசம்பர்

"அண்ணா, ஊட்டியில் வைக்கலாமே." வைக்கலாம். தை மாத ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போனால் ஊதாப் பக்கம் படியும். கொடைக்கானலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆராய்ச்சிக்கு நம் ஊரில் ஆளில்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் வனேடியம் ஸ்டாக் செய்து பார்த்திருக்கிறார்கள். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே செக்ரி என்ற மத்திய ஆய்வகம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்தது. 40 டிகிரியில் கரைசல் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க காரைக்குடிக்கு அறையைச் சூடாக்கும் செலவுகூடக் கிடையாது.

28 டிசம்பர்

ஒரு மில்காரர் தனியாகக் கேட்டார்: ராத்திரி மலிவுக் கரண்டில் ஏற்றி, தேவை உச்சத்தில் இருக்கும் பீக் நேரத்தில் இறக்கினால் லாபம்தானே? பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும், பொதுவிலேயே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைக்குப் பீக் நேரத்தில் 25 சதவீதம் கூடுதல், இரவில் 5 சதவீதம் தள்ளுபடி. சாதாரண விலையை 100 என்று வையுங்கள். இரவில் 95க்கு வாங்குகிறோம். பேட்டரி 70 சதவீதம்தான் திருப்பித் தரும், எனவே கையில் கிடைக்கிற ஒரு யூனிட்டின் அடக்கம் 95ஐ 0.7ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 136. பீக்கில் மிச்சமாவது 125. அதாவது பேட்டரியை இலவசமாகக் கொண்டுவந்து வைத்தாலும் யூனிட்டுக்கு 11 நஷ்டம்.

லித்தியம் 87 சதவீதம் தருகிறது என்று வைத்தால் அடக்கம் 109. 16 மிஞ்சும். பேட்டரி விலையை அந்த 16இல் எடுக்க முடியுமா என்பது வேறு விஷயம். ஆனால் சுழிக்கு மேலே நிற்கிறது.

25 வருஷ ஆயுள், ஆயிரக்கணக்கான சைக்கிள் என்று எவ்வளவு பேசினாலும் தினமும் போகிற 30 சதவீதத்தை யாரும் பேசுவதில்லை. நஷ்டத்தில் 25 வருஷம் உழைத்தால் 25 வருஷ நஷ்டம்.

29 டிசம்பர்

நேற்று எழுதியதைப் படித்தால் ஃப்ளோ பேட்டரியை நான் குழி தோண்டிப் புதைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. ராத்திரிக் கரண்டை விட்டுவிட்டு, சொந்தக் கூரையில் மதியம் மிஞ்சும் சோலார் என்று வைத்துப் பார்க்கலாம்.

அடக்கம் 3.50 ரூபாய் என்றால் வனேடியம் வழியாக வரும்போது 5 ரூபாய். பீக்கில் 9 ரூபாய் மிச்சம் என்றால் யூனிட்டுக்கு 4 ரூபாய் நிற்கும். வருஷம் 330 நாள் ஓடினால் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,320 ரூபாய். முதலீடு யூனிட்டுக்கு 30,000 என்று வைத்தால் வட்டி இல்லாமலே 22 முதல் 23 வருஷம். பேட்டரியின் ஆயுளும் முதல் திரும்புகிற வருஷமும் கைகோத்துக்கொண்டு வருகின்றன! லித்தியத்தை 15,000க்குப் போட்டால் 9 வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வந்துவிடும். 30,000, 15,000 இரண்டும் நான் வைத்த எண்கள், உங்கள் கொட்டேஷனை வைத்து மாற்றிப் போடுங்கள்.

வீணாகப் போகிற கரண்டாக இருந்தால், அதாவது வாரியம் நிறுத்தச் சொல்லி சோலார் சும்மா கிடக்கிற நேரமாக இருந்தால், அடக்கமே சுழி. அப்போது 30 சதவீத நஷ்டம் யாருக்கு வலிக்கும்? மதிய சோலார் பெருகப் பெருக ஃப்ளோ பேட்டரியின் பெரிய குறை தானாகவே சின்னதாகிறது. அதற்குள் லித்தியம் இன்னும் எவ்வளவு மலிவாகும் என்பதுதான் பந்தயம். 2022இல் மத்திய அரசின் செகி நிறுவனம் விட்ட முதல் பெரிய பேட்டரி டெண்டரில் மாதக் கட்டணம் மெகாவாட்டுக்கு 10.83 லட்சம் ரூபாய். 2025இல் அதே மாதிரி இரண்டு மணி நேர டெண்டர்கள் 2 லட்சத்துப் பக்கம் வந்துவிட்டன. இந்த ஓட்டத்தைத் துரத்த வேண்டும்.

10 ஜனவரி 2026

வனேடியம் விலைக்கு வருகிறேன். மேலே சொன்ன அளவில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 4 கிலோ வனேடியம், பென்டாக்சைடாகச் சொன்னால் 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 2018 நவம்பரில் சீனா கட்டுமானக் கம்பித் தரத்தை இறுக்கியதும், வனேடியம் பெரும்பாலும் எஃகுக்கே போகிற சாமான் என்பதால், பென்டாக்சைடு பவுண்டுக்கு ஏறத்தாழ 28 டாலர் வரை எகிறியது. ஒரு வருஷத்தில் 6 டாலருக்குப் பக்கம் விழுந்தது. 28 டாலரில் யூனிட்டுக்கு வனேடியத்துக்கு மட்டும் 450 டாலர். 6 டாலரில் 100க்குள். கட்டுமானக் கம்பிக்காரர்கள் தும்மினால் பேட்டரிக்காரர்களுக்கு ஜுரம்.

அதே சமயம், கரைசல் தேயாது என்பதற்கு நிஜமான பலன் இங்கேதான். 20 வருஷம் கழித்து லித்தியம் பேட்டரியைக் கழிவாகக் கொடுப்போம். வனேடியத்தை உலோகமாக விற்கலாம். அதனால் கரைசலை வாங்காமல் வாடகைக்கு எடுக்கும் முறை வந்திருக்கிறது. தங்கத்தை லாக்கரில் வைக்காமல் டேங்கில் வைத்துச் சம்பாதிப்பது. இந்தியாவில் இதை யாராவது சரியாகச் செய்தால் 29ஆம் தேதிக் கணக்கு மாறும்.

கிண்டலான துணைக்கதை ஒன்று. கலப்பு அமிலக் கரைசல் கண்டுபிடிப்பு அமெரிக்க அரசுப் பணத்தில் வந்தது. உரிமம் பெற்ற நிறுவனம் உள்ளூரில் முதலீடு கிடைக்காமல் அதைச் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2022இல் இது செய்தியாக வெடித்தது. அதே ஆண்டு அந்தச் சீன நிறுவனம் டேலியன் பிளாண்டை ஓடவிட்டது.

14 ஜனவரி

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், இலங்கைக்கு இது பொருந்துமா என்று. அங்கே பிரச்சினை எங்களைவிடப் பச்சையாகத் தெரிகிறது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு போய் நாடே இருண்டது. தேவை குறைந்த ஞாயிறு முற்பகல், சோலார் நிறைய ஓடும் நேரம். அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். நிறுத்தச் சொன்ன அந்த யூனிட்டுகளைத்தான் மேலே "அடக்கம் சுழி" என்றேன். இரவு உச்சத் தேவைக்கு எரிப்பது டீசல் என்றால் 70 சதவீதமும் நல்ல வியாபாரமே. ஆனால் கிரிட் தடுமாறும்போது நொடிக்குள் தாங்கிப் பிடிக்கிற வேலைக்கு லித்தியமே போதும். அதையும் இதையும் ஒரே டெண்டரில் போட்டுக் குழப்பாமல் இருந்தால் சரி.

2 பிப்ரவரி

"வனேடியத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள், துத்தநாக-புரோமின் ஃப்ளோ பேட்டரி என்ன ஆச்சு?" ஆஸ்திரேலியாவின் ரெட்ஃப்ளோ அதைத்தான் செய்தது, 2024 ஆகஸ்டில் நொடித்துப்போய் நிர்வாகிகள் கைக்குப் போனது. இங்கிலாந்தில் லிட்டில் பார்ஃபோர்டில் ரெஜெனசிஸ் என்ற பெயரில் 120 மெகாவாட்-மணிக்குக் கட்ட ஆரம்பித்த பாலிசல்ஃபைடு-புரோமின் பிளாண்ட் 2003இல் கைவிடப்பட்டது. இரும்பு மட்டும் வைத்துச் செய்கிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சரக்கு மலிவு, ஆனால் இரும்பு தகட்டில் படிகிற வகை என்பதால் எத்தனை மணி நேரம் என்பது ஸ்டாக்கோடு கட்டுண்டுவிடும். டேங்கைப் பெரிதாக்கினால் போதும் என்ற சலுகையில் பாதி போச்சு.

21 பிப்ரவரி

எல்லாரும் "நீண்ட நேரச் சேமிப்பு, 10 மணி நேரம்" என்று எழுதுகிறார்களே, கட்டியதைப் பாருங்கள். ஹொக்கைடோவில் மினாமி ஹயகிதா, 2015: 15 மெகாவாட், 60 மெகாவாட்-மணி. 4 மணி நேரம். பக்கத்தில் 2022இல் காற்றாலைக்காக வந்தது 17 மெகாவாட், 51 மெகாவாட்-மணி, 3 மணி நேரம். டேலியன் 4. ஜிமுசார் 5. நான்கு மணி நேரத்தை இன்று லித்தியம் சாதாரணமாகச் செய்கிறது. டேங்கை மட்டும் இரட்டிப்பாக்கினால் மணி நேரம் இரட்டிப்பு, ஸ்டாக்குக்குக் கூடுதல் செலவில்லை என்பதுதானே இதன் பலம்? அந்தப் பலத்தைக் காட்டுகிற அளவுக்கு இந்தப் பெரிய பிளாண்டுகள் எதிலும் டேங்கைப் பெரிதாகக் கட்டவில்லை. வனேடியம் விலைதான் காரணம் என்பது என் ஊகம்.

நொய்டாவில் என்.டி.பி.சி. 2025 நவம்பரில் திறந்தது 3 மெகாவாட்-மணி, இந்தியாவில் பெரியது. அளவில் ஒன்றுமில்லை, இடம்தான் முக்கியம். வட இந்திய மே மாத வெயிலில் ஒரு வனேடியம் பிளாண்ட். அவர்களிடம் நான் கேட்க நினைப்பது மூன்று: மே, ஜூன் மாதங்களில் டேங்கின் சூடு மணி வாரியாக, சில்லர் தின்ற யூனிட் தனியாக, பம்ப் சீல் மாற்றிய தேதிகள். மொத்தத் திறன் சதவீதத்தை விளம்பரத் தாளில் போடுவார்கள், அது வேண்டாம். மில்காரர் இன்னும் கொட்டேஷனை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஜூன் முடிகிறவரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.